மதுரைக்காரர் ஓய்வு பெறுவதற்குள்

கேள்வி: காரைக்குடியில் எங்களுடையது மூன்று தலைமுறைப் பாத்திரக்கடை. வாட் வரி வரப்போகிறது என்று 2006 கடைசியில் என் அப்பச்சி மதுரையிலிருந்து ஒரு நிரலாளரை வரவழைத்து, விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற நிரல்மொழியின் 9-ஆம் பதிப்பில் பில் போடும் மென்பொருள் எழுதி வாங்கினார். எடைக்கு விற்பது, எண்ணிக்கைக்கு விற்பது, பழைய பித்தளையை நிறுத்து வரவு வைப்பது, கல்யாண வீட்டுக்குச் சாமான் பரப்பும் பட்டியல் போடுவது எல்லாம் அதில் இருக்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதும், 2025 செப்டம்பரில் வரி விகிதம் மாறியபோதும் அவரே வந்து மாற்றிக் கொடுத்தார். சென்ற மாதம் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் விற்பனையாளர் வந்தார். "இது செத்துப்போன மொழி. மைக்ரோசாஃப்ட் கைவிட்டுப் பத்து வருடம் ஆகிறது. என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுவிடும். எங்கள் மாதச்சந்தா மென்பொருளுக்கு உடனே மாறுங்கள்" என்றார். எங்கள் கணினியும் பழுதாகிவிட்டது. புதிது வாங்கினால் விண்டோஸ் 11-தான் வரும். மதுரைக்காரருக்கு வயது 68. அப்பச்சி மாறவே கூடாது என்கிறார். என்ன செய்வது?

இன்னொன்று. என் தம்பி சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அவனைக் கோபால் (COBOL) என்ற நிரல்மொழியில் போட்டிருக்கிறார்கள். பழைய மொழியில் சிக்கிக்கொண்டோமே என்று பயப்படுகிறான். அவனுக்கு என்ன சொல்வது?

— வாசகி, காரைக்குடி

பதில்: அந்த விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை. மைக்ரோசாஃப்ட் கைவிட்டது உண்மை. என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுவிடும் என்பது பயமுறுத்தல். இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டால் நீங்கள் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடமாட்டீர்கள்.

ஃபாக்ஸ்புரோ மைக்ரோசாஃப்டின் வீட்டில் பிறந்த பிள்ளை அன்று. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் பெரிஸ்பர்க் என்ற ஊரில் இருந்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனம், டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மொழியின் வழியில் அதை வளர்த்தது. 1992-இல் அந்த நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. உங்களிடம் இருக்கும் 9-ஆம் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. 2007 மார்ச்சில், பத்தாவது பதிப்பு வராது என்று அறிவித்துவிட்டார்கள். அதாவது உங்கள் அப்பச்சி பணம் கொடுத்துச் சில மாதங்களிலேயே அந்த மொழிக்கு வாரிசு இல்லை என்று தீர்மானமாகிவிட்டது. பல நாட்டு நிரலாளர்கள் மனுப் போட்டார்கள், பலிக்கவில்லை. 2010 ஜனவரியில் வழக்கமான ஆதரவும், 2015 ஜனவரி 13 அன்று நீட்டித்த ஆதரவும் முடிந்தன. விற்பனையாளர் சொன்ன பத்து வருடக் கணக்கு சரிதான்.

ஆனால் ஆதரவு முடிந்தது என்றால், புதிதாக ஒரு குறை தெரிந்தால் அதைத் திருத்தித் தரமாட்டார்கள், கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை என்று பொருள். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை யாரும் வந்து நிறுத்தப்போவதில்லை. உங்கள் மென்பொருள் 32 பிட் வகை. அந்த வகையை 64 பிட் விண்டோஸ் இன்றும் ஓட்டுகிறது. விண்டோஸ் 11-இலும் ஓட்டுகிறது. விற்பனையாளர் வேறொன்றைக் கேள்விப்பட்டு இதோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ 2.6 என்பது 16 பிட் வகை. அது 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். புதுக் கணினியைப் பிரித்து வைத்த அன்று காலையே எடைச்சீட்டு நின்றுவிட்டது. நெல் வண்டிகள் வாசலில் வரிசை கட்டின. உங்களுக்கு அந்த நிலை இல்லை.

ஆகையால் புதுக் கணினியைத் தயங்காமல் வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், இணையத்தோடு இணைந்த கடைக்கணினிக்கு அதுதான் முறையும்கூட. மென்பொருளைப் 'புரோகிராம் ஃபைல்ஸ்' அடைவுக்குள் வைக்காமல் தனி அடைவில் வையுங்கள். உள்ளே வைத்தால் எழுதும் அனுமதி இல்லாமல் விண்டோஸ் தகராறு செய்யும். பில் அடிப்பது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் என்றால், புதுக் கணினியில் அந்தப் பழைய அகலச் செருகுவாய் இருக்காது. வாங்கும் முன்பே கடைக்காரரிடம் அதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2007 வாட், 2017 ஜிஎஸ்டி, 2025 விகித மாற்றம். வீட்டுப் பாத்திரங்களுக்கு 12 சதவீதம் 5 சதவீதமான அந்தச் செப்டம்பர் 22 அன்று உங்கள் கடையில் பில் நிற்கவில்லை. இத்தனை வருடங்களில் மைக்ரோசாஃப்டை நீங்கள் ஒரு தடவையாவது கூப்பிட்டீர்களா? உங்களுக்கு ஆதரவு தந்த நிறுவனம் மதுரையில் இருக்கும் அந்த ஒரே ஒரு மனிதர். மைக்ரோசாஃப்ட் கைவிட்ட தேதியை எல்லோரும் சொல்கிறார்கள். மதுரைக்காரர் பஸ் ஏறி வரமுடியாமல் போகும் தேதியை யாரும் சொல்லமுடியாது. உங்கள் கடைக்கு ஆதரவு முடியும் தேதி அதுதான். என்னைக் கவலைப்பட வைப்பதும் அதுதான்.

பல வருடங்களுக்கு முன் தேவகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மென்பொருள் எழுதியவர் திடீரென்று காலமாகிவிட்டார். கடையில் இருந்தது ஓடும் கோப்பு மட்டும். மூலநிரல், அதாவது அவர் கைப்பட எழுதிய நிரல் வரிகள், அவருடைய கணினியோடு போய்விட்டது. ஃபாக்ஸ்புரோவில் ஒரு வசதி, ஓடும் கோப்பிலிருந்தே பெரும்பாலான நிரலை மீட்டெடுக்கக் கருவிகள் இருக்கின்றன. மீட்டெடுத்தேன். ஆனால் எழுதியவர் இடையிடையே வைத்திருந்த விளக்கக் குறிப்புகள் ஒன்றும் வரவில்லை. பில் தொகையைக் கணக்கிடும் இடத்தில் ஒரு வரி: வாடிக்கையாளர் எண் 7-இல் தொடங்கினால் சில்லறையைத் தள்ளாதே. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. முதலாளியின் மகனுக்கும் தெரியவில்லை. தேவையில்லாத வரி என்று அழித்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, வேலையை விட்டு ஓய்ந்திருந்த பழைய கணக்குப்பிள்ளை கடைக்கு வந்து பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கோயில் கணக்கில் 40 காசு எங்கே போனது?" என்று கேட்டார். 7-இல் தொடங்கியவை கோயில்களுக்கும் அன்னசத்திரங்களுக்கும் துணி போகும் கணக்குகள். அவர்கள் காசு பிசகாமல் எழுதுவார்கள் என்பதால் அந்த விதி. இரண்டு மாதப் பில்களைத் திருத்தி எழுதி, ஒவ்வொரு கோயில் அலுவலகமாகப் போய் மாற்றிக் கொடுத்தேன். பிழை என்னுடையது. தெரியாத வரியை அழிக்கக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டது, இன்றுவரை கையை விட்டுப் போகவில்லை.

உங்கள் மென்பொருளிலும் இப்படி எத்தனை வரிகள் இருக்கும்! பழைய பித்தளையில் சேதாரம் எவ்வளவு கழிக்கிறீர்கள், ஈயம் பூசிய பாத்திரத்துக்கு அது மாறுமா, சாமான் பரப்பும் பட்டியலில் ஒற்றைப்படை வருவதற்காக ஏதாவது தானாகக் கூட்டுகிறதா, பங்காளி வீட்டுக் கணக்குக்குத் தனித் தள்ளுபடி உண்டா. இவை எந்த விற்பனையாளரின் மென்பொருளிலும் வராது. இவை உங்கள் கடையின் அறிவு. அப்பச்சியின் தலையிலும் மதுரைக்காரரின் நிரலிலும் மட்டும் இருக்கின்றன. மாறவே கூடாது என்று அப்பச்சி சொல்வதற்குப் பின்னால் இந்தப் பயம் இருக்கக்கூடும். அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள்.

நம் செட்டிநாட்டார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து கடை நடத்தப் போன காலத்தில், கடை பார்த்தவர் ஊர் திரும்பும்போது அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைக்காமல் கப்பல் ஏறமாட்டார். பேரேட்டைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. இன்னார் இன்ன தேதியில் தருவார், இன்னாரிடம் கேட்டுப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த ஒப்படைப்பைத்தான் உங்கள் மதுரைக்காரரிடம் கேட்கிறேன். அவர் தெம்பாக இருக்கும்போதே கேளுங்கள். அதற்கு நியாயமான கூலி கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். இருபது வருட உழைப்பை ஒருவர் எடுத்துக் கையில் வைக்கிறார்.

ஒப்படைப்பில் என்னென்ன வேண்டும்? முதலில் மூலநிரல். பென் டிரைவில் ஏதோ கோப்புகளைக் கொடுத்துவிட்டு "எல்லாம் இதில் இருக்கிறது" என்றால் வாங்கி உள்ளே வைத்துவிடாதீர்கள். இருபது வருடத்தில் அவரிடமே நாலைந்து பிரதிகள் இருக்கும். எது கடைசிப் பிரதி என்று அவருக்கே மயக்கம் இருக்கலாம். உங்கள் கண்முன், வேறொரு கணினியில், அந்த மூலநிரலிலிருந்து ஓடும் கோப்பைப் புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள். அப்படி வந்ததைக் கொண்டு நேற்றைய பத்துப் பில்களை மறுபடி போட்டுப் பாருங்கள். எடைப் பில் ஒன்று, பித்தளை வரவுள்ள பில் ஒன்று, சாமான் பட்டியல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். காசு வரை ஒத்துப்போனால் மூலநிரல் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று நம்பலாம். விஷுவல் ஃபாக்ஸ்புரோவை மைக்ரோசாஃப்ட் இப்போது விற்பதில்லை என்பதால், அவர் உரிமத்தோடு வாங்கிய குறுந்தகடு எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, விதிகள். அப்பச்சியையும் மதுரைக்காரரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, தமிழில், சாதாரண நோட்டில் எழுதுங்கள். வரி விகிதம் நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கிறதா, தனி அட்டவணையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டவணையில் இருந்தால் அடுத்த மாற்றத்தை நீங்களே செய்துகொள்ளலாம். நிரலுக்குள் இருந்தால், அதை வெளியே எடுத்து வைக்கும் வேலையை அவர் கையாலேயே இப்போதே முடித்துவிடுங்கள்.

மூன்றாவது, தரவு. இதில் எனக்கு அக்கறை அதிகம், ஏனென்றால் ஃபாக்ஸ்புரோ கடைகள் அழுது நான் பார்த்ததெல்லாம் இங்கேதான். உங்கள் பில்களெல்லாம் டிபிஎஃப் என்னும் கோப்புகளில் இருக்கின்றன. மொத்தம் எத்தனை வரிகள் என்ற எண்ணிக்கை அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், எண்ணிக்கை ஒன்றும் வரிகள் வேறொன்றுமாகிவிடும். மறுநாள் காலையில் கோப்புத் திறக்காது. மூன்று மேசைகளிலிருந்து ஒரே கோப்பை வலையமைப்பு வழியாகத் திறந்தால், தேடலுக்கான இண்டெக்ஸ் கோப்பும் கெட்டுப்போகும். வைஃபையில் இன்னும் மோசம். கேபிள் இழுத்துவிடுங்கள். கல்லாவுக்கு மட்டும் யூபிஎஸ் வைப்பது போதாது, தரவு இருக்கும் கணினிக்குக் கண்டிப்பாக வேண்டும். தினமும் கடை அடைத்தபின், எல்லோரும் மென்பொருளை மூடிய பிறகு, டிபிஎஃப், எஃப்பிடி (நீண்ட குறிப்புகள் இருப்பது), சிடிஎக்ஸ் (இண்டெக்ஸ்) மூன்று வகைக் கோப்புகளையும் சேர்த்து நகல் எடுக்கவேண்டும். ஒரு நகல் கணினியோடு இணைந்திராத வட்டில், கடைக்கு வெளியே, வீட்டில் இருக்கட்டும். பூட்டுவைரஸ் வந்தால் இணைந்திருப்பதையெல்லாம் பூட்டிவிடும்.

கோப்பு நிரம்பிவிடுமோ என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். ஒரு கோப்புக்கு 2 ஜிபி என்ற வரம்பு உண்மைதான். கடையில் நாளுக்கு 300 வரி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 300 நாள், இருபது வருடம் என்றால் 18 லட்சம் வரிகள். வரிக்கு 200 பைட் போட்டாலும் 360 எம்பி. உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை இடம் இருக்கிறது.

ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள், எழுத்துரு. 2006-இல் அண்டா, தவலை, குத்துவிளக்கு, சருவம் என்று சரக்கின் பெயர்களைத் தமிழில் பதிந்திருந்தால், அவை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் இருக்காது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு யூனிகோடு இயல்பாகத் தெரியாது. அன்று புழங்கிய ஏதோ ஓர் எழுத்துருவின் குறியீட்டில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றுவது ஒரு மாலைநேர வேலை. தெரியாவிட்டால் ஒவ்வொரு பெயராக ஊகிக்கவேண்டும். மதுரைக்காரரிடம் எழுத்துருவின் பெயரைக் கேட்டு, அதன் கோப்பையும் வாங்கி நகலோடு வையுங்கள்.

இத்தனையும் கைக்கு வந்தபிறகு மாறலாமா என்றால், மாறவேண்டும் என்றுதான் சொல்வேன். இதில் அப்பச்சியோடு எனக்குக் கருத்து வேறுபாடு. இளவயதில் ஃபாக்ஸ்புரோ தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் கிடைப்பது அரிது. கிடைப்பவர்களும் எங்கள் வயதுக்காரர்கள். உலகம் முழுக்க ஆர்வலர்கள் அந்த மொழிக்குக் கருவிகளை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றாலும், உங்கள் கல்லாவில் வந்து உட்கார ஆள் வேண்டுமே. உங்கள் விற்றுமுதல் வருடத்துக்கு 5 கோடியைத் தாண்டினால், பிற வியாபாரிகளுக்குப் போடும் பில்களுக்கு மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயம். அதைப் பழைய மென்பொருளில் ஒட்டவைக்க முடியும், ஆனால் ஒவ்வொரு ஒட்டும் இன்னொரு மதுரைக்காரரைக் கேட்கும்.

எனவே அவசரமில்லாமல் மாறுங்கள். முதலில் தரவை மட்டும் மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்துக்கு நகர்த்திவிட்டு, பில் போடும் திரையைப் பழையபடி ஃபாக்ஸ்புரோவிலேயே கொஞ்ச நாள் வைத்திருக்கலாம். மின்வெட்டுக்கும் கோப்புக் கெடுவதற்கும் அதுவே பெரும்பாலும் தீர்வாகிவிடும். பிறகு திரைகளை ஒவ்வொன்றாக மாற்றலாம். அல்லது சந்தா மென்பொருளுக்கே போகலாம், அதில் தவறில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன், உங்கள் நோட்டில் உள்ள விதிகளை அந்த விற்பனையாளர்முன் வைத்து, பித்தளை வரவுள்ள ஒரு பில்லை உங்கள் எதிரில் போடச் சொல்லுங்கள். நாங்கள் சந்தாவை நிறுத்தினால் எங்கள் தரவு எந்த வடிவத்தில், எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கைவிட்டது என்று உங்களை மிரட்டியவர், தன் நிறுவனம் எத்தனை வருடம் இருக்கும் என்பதற்கும் பதில் வைத்திருக்கவேண்டும்.

ஆடியில் தொடங்குங்கள். கல்யாணம் இல்லாத மாதம், கடையில் கூட்டம் குறைவு. அந்த மாதம் முழுக்கப் பழையதிலும் புதியதிலும் ஒரே பில்லைப் போட்டு, இரவு கல்லா எண்ணும்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். தை, வைகாசி, ஆவணியில் இதைத் தொடவே தொடாதீர்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பிரித்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த வளவில் எந்த மூலையில் நின்றது என்று எழுதாமல் பிரித்தவை. உங்கள் இருபது வருடக் கணக்குக்கு அந்த நிலை வரக்கூடாது.

இனி உங்கள் தம்பி. அவரிடம் சொல்லுங்கள்: கோபாலும் ஃபாக்ஸ்புரோவும் பழையவை என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. ஃபாக்ஸ்புரோ ஒரே நிறுவனத்தின் சொத்து. அந்த நிறுவனம் வேண்டாம் என்றது, முடிந்தது. கோபால் 1959-இல் பல நிறுவனங்களும் அமெரிக்க அரசும் கூடி வகுக்கத் தொடங்கிய பொதுமொழி. அதற்குப் பன்னாட்டுத் தரம் இருக்கிறது; கடைசியாக 2023-இல் அதைப் புதுப்பித்தார்கள். ஐபிஎம் தன் பெருங்கணினிகளுக்காகக் கோபால் தொகுப்பியின் (எழுதிய நிரலை ஓடும் கோப்பாக மாற்றும் மென்பொருளின்) 6.4 பதிப்பை 2022-இல் வெளியிட்டது. மைக்ரோ ஃபோகஸ் நிறுவனத்தின் கோபால் 2023-இல் ஓப்பன்டெக்ஸ்ட் கைக்குப் போய், 2024-இல் ராக்கெட் சாஃப்ட்வேர் கைக்கு மாறியது. காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது என்றால், காசு கொடுக்கும் வாடிக்கையாளர் இருக்கிறார் என்று பொருள். இலவசமாகக் கற்க ஞூகோபால் (GnuCOBOL) என்ற தொகுப்பி இருக்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று நியூஜெர்சி ஆளுநரே வெளிப்படையாகக் கேட்டார்.

ஆனால் மொழியை மட்டும் கற்றுவிட்டு உட்காரவேண்டாம். பெருங்கணினியில் கோபாலோடு புழங்கும் ஜேசிஎல் (வேலைகளை ஓட்டும் கட்டளைமொழி), டிபி2 (தரவுத்தளம்), சிஐசிஎஸ் (பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்) மூன்றையும் சேர்த்துக் கற்கட்டும். அதைவிட முக்கியம், அந்த நிரல் என்ன வேலை செய்கிறது என்று கற்பது: வட்டி எப்படி ஏறுகிறது, காப்பீட்டுத் தவணை தவறினால் என்ன நடக்கிறது, நாள் கணக்கை நள்ளிரவில் எப்படி மூடுகிறார்கள். யாரோ எப்போதோ எழுதிவைத்த வரியைப் படித்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய அன்றாட வேலையாக இருக்கும்.

அதற்கு உங்கள் கடையிலேயே பாடம் காத்திருக்கிறது. தம்பி அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும் தேதியைக் கேட்டுக்கொண்டு, மதுரைக்காரரை அதே நாட்களில் வரச் சொல்லுங்கள். அப்பச்சி ஒருபுறம், அவர் ஒருபுறம், நடுவில் தம்பி கையில் அந்த நோட்டு. மூன்று நாள் பிடிக்கும். மதுரைக்காரர் தங்க முகப்பிலேயே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்துவிடுங்கள்.